ரசீது ஏன் வரவில்லை?



ஒரு கிராமத்துக் கூட்டுறவு கடன் சங்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மாலை நான்கு மணி. ஓர் அம்மா பயிர்க் கடனுக்குத் தவணை கட்ட வருகிறார். 2,000 ரூபாயை எண்ணிக் கொடுக்கிறார். எழுத்தர் பணத்தை வாங்குகிறார். கம்ப்யூட்டரில் தட்டுகிறார். திரையில் அந்த அம்மாவின் பெயர் வருகிறது. தொகை வருகிறது. மீதிக் கடனும் வருகிறது. ஆனால் ரசீது வரவில்லை.

"பிரிண்ட் வரலீங்கம்மா. இது பழைய புரோகிராம். புது பிரிண்டரோட ஒத்துப்போகலை. நாளைக்கு வந்து வாங்கிக்குங்க" என்கிறார் எழுத்தர்.

அந்த அம்மா சில மாதங்களுக்கு முன்புதான் எழுதப் படிக்கக் கற்றவர். ரசீதில் பெயரும் தொகையும் சரியா என்று தானே படித்துப் பார்க்கும் பழக்கம் இப்போதுதான் வந்திருக்கிறது. படிக்க வேண்டிய தாளே வரவில்லை. பணம் போய்விட்டது. கையில் ஒன்றும் இல்லை.

எழுத்தர் சொன்னது பொய்யா? இல்லை. முழு உண்மையா? அதுவும் இல்லை. பழைய புரோகிராம் புதிய பிரிண்டரில் அச்சடிக்கத் திணறும் என்பது உண்மை. அதற்கு வழியே கிடையாது என்பது உண்மை இல்லை. இன்றைய பேச்சு அதைப் பற்றித்தான்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். கணக்கில் பதிவது ஒரு வேலை. தாளில் அச்சடிப்பது வேறு வேலை. பேரேட்டில் எழுதுவதும், ரசீதுப் புத்தகத்தில் எழுதிக் கிழித்துத் தருவதும் இரண்டு வேலைகள் இல்லையா? அதுபோலத்தான். ரசீது வரவில்லை என்பதால் கணக்கில் பதியவில்லை என்று ஆகாது. பெரும்பாலும் கணக்கில் பதிந்திருக்கும். தாள்தான் வந்திருக்காது.

இதை அறியாமல் சில இடங்களில் ஒரு தவறு நடக்கிறது. ரசீது வரவில்லையே என்று எழுத்தர் அதே தொகையை மறுபடியும் பதிகிறார். இரண்டாவது முறை ரசீது வந்துவிடுகிறது. வாங்கியவர் மகிழ்ச்சியோடு போகிறார். ஆனால் கணக்கில் 2,000 ரூபாய் இரண்டு முறை ஏறியிருக்கிறது. கடன் கட்டியதில் இப்படி நடந்தால் மாலையில் பெட்டிப் பணம் கணக்கோடு சேராது. எழுத்தர் திண்டாடுவார். சேமிப்பிலிருந்து பணம் எடுத்ததில் இப்படி நடந்தால்? உறுப்பினரின் இருப்பு 2,000 ரூபாய் குறைந்து நிற்கும். ஆகவே, ரசீது வராத நாளில் "மறுபடியும் பதிய வேண்டாம். முதலில் கணக்கைத் திறந்து பாருங்கள்" என்று சொல்லலாம். அது குற்றம் சொல்வது ஆகாது.

இனி, ரசீது ஏன் வரவில்லை என்று பார்க்கலாம். அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1981-ல் ஐ.பி.எம். நிறுவனம் ஒரு சிறிய கம்ப்யூட்டரை வெளியிட்டது. அதற்கு முன்பு பல கம்ப்யூட்டர்களுக்குப் பெரிய அறை வேண்டியிருந்தது. இது மேசை மேல் வைக்கும் அளவுதான். அதை இயக்கும் அடிப்படைப் புரோகிராமுக்கு டாஸ் என்று பெயர். பின்னர் இந்திய அலுவலகங்களுக்கும் இந்த வகைக் கம்ப்யூட்டர்கள் வந்தன. கணக்கு எழுதுவதற்கு டி-பேஸ், பாக்ஸ்புரோ போன்றவற்றில் புரோகிராம்கள் எழுதினார்கள். கறுப்புத் திரை. அதில் வெள்ளை அல்லது பச்சை எழுத்துகள். படம் கிடையாது. எலி போன்ற கருவியும் பல இடங்களில் கிடையாது. விசைகளைத் தட்டினால் போதும். வேலை வேகமாக நடந்தது.

அந்தக் காலத்தில் ஒரு கம்ப்யூட்டர், பக்கத்தில் ஒரு பிரிண்டர். இரண்டுக்கும் நடுவில் விரல் தடிமன் கேபிள். கம்ப்யூட்டரின் பின்பக்கத்தில் 25 துளைகள் உள்ள ஓர் இணைப்பு இருக்கும். கேபிளை அதில் செருகி, இரண்டு திருகுகளை முடுக்குவார்கள். இந்த இணைப்புக்கு எல்.பி.டி. 1 என்று பெயர். அதை ஒரு வாசல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய புரோகிராமுக்குத் தெரிந்தது இந்த வாசல் மட்டும்தான். ரசீதை அந்த வாசல் வழியாகத் தள்ளிவிடும். வெளியே யார் நிற்கிறார்கள் என்று அது பார்க்காது. பிரிண்டர் அங்கே நிற்கும் என்ற நம்பிக்கை.

அந்த பிரிண்டரையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்காவிட்டாலும் கேட்டிருப்பீர்கள். "கிர்ர்... கிர்ர்..." என்று சத்தம் போடும். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் என்பார்கள். எடை மேடையில், லாரி புக்கிங் ஆபீசில், மருந்து மொத்த வியாபாரியிடம் அது இன்னும் ஓடுகிறது. அதன் தலையில் மெல்லிய ஊசிகள் இருக்கும். சிலவற்றில் 9 ஊசிகள். சிலவற்றில் 24. ஊசிகள் மை தோய்த்த ரிப்பனைத் தட்டும். ரிப்பன் தாளில் படும். புள்ளி புள்ளியாக எழுத்து விழும். தட்டி அடிப்பதால் கீழே கார்பன் தாள் வைத்தால் நகலும் விழும். ஒரே அடியில் மூன்று ரசீதுகள். ஒன்று உங்களுக்கு, ஒன்று சங்கத்துக்கு, ஒன்று தணிக்கைக்கு. இங்க் தெளிக்கும் பிரிண்டராலும் லேசர் பிரிண்டராலும் இது முடியாது. அவை தாளைத் தட்டுவதில்லை. இந்தக் கிழட்டு பிரிண்டர் இந்தியாவில் இன்னும் மறையாமல் இருப்பதற்கு இது பெரிய காரணம்.

புரோகிராம் இந்த பிரிண்டருக்கு எழுத்தை அனுப்புவதில்லை. எண்ணைத்தான் அனுப்புகிறது. ஆங்கில எழுத்து 'ஏ' வேண்டுமா? 65 என்று அனுப்பும். ரசீதில் 1 என்று விழ வேண்டுமா? 49 என்று அனுப்பும். 65 வந்தால் எந்த ஊசிகளைத் தட்ட வேண்டும் என்பது பிரிண்டருக்குத் தெரியும். எழுத்துகளின் வடிவம் பிரிண்டருக்குள்ளேயே இருக்கிறது. சில எண்கள் எழுத்து அல்ல, கட்டளை. 12 என்றால் பக்கம் முடிந்தது, தாளை நகர்த்து. 15 என்றால் இனிமேல் நெருக்கமான சிறு எழுத்தில் அடி. இந்த 65, 49, 12, 15 எல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டாம். புரோகிராமும் பிரிண்டரும் தங்களுக்குள் ஒரு பாஷை பேசின என்று தெரிந்தால் போதும். இருவருக்கும் ஒரே பாஷை. பக்கத்து பக்கத்து வீடு. சண்டை இல்லை.

பிறகு நெட்வொர்க் வந்தது.

அலுவலகத்தில் நான்கு கம்ப்யூட்டர்கள் ஆயின. நான்குக்கும் நான்கு பிரிண்டர் வாங்கப் பணம் இல்லை. நான்கையும் கேபிளால் இணைத்தார்கள். ஒரு பிரிண்டரை எல்லாரும் பயன்படுத்தலாம் என்றார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பழைய புரோகிராமுக்கு நெட்வொர்க் என்றால் என்ன என்றே தெரியாது. அது பிறந்தபோது அந்த அலுவலகத்தில் அப்படி ஒன்று இல்லை. அது வழக்கம்போல எல்.பி.டி. 1 வாசலில் ரசீதைத் தள்ளியது. இப்போது வாசலுக்கு வெளியே யாரும் இல்லை. பிரிண்டர் அடுத்த அறையில், வேறு கம்ப்யூட்டரோடு இருக்கிறது.

இங்கேதான் கெட்டிக்காரர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். புரோகிராமைத் தொடவில்லை. வாசலில் ஓர் ஆளை நிறுத்தினார்கள். புரோகிராம் தள்ளும் ரசீதை அந்த ஆள் வாங்கிக்கொள்வார். நெட்வொர்க் வழியாக அடுத்த அறை பிரிண்டருக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார். பக்கத்தில் பிரிண்டர் இருப்பதாகவே புரோகிராம் நினைத்துக்கொண்டிருக்கும். அந்த ஆள் மனிதர் அல்ல. ஒரு வரிக் கட்டளை. நாவெல் நிறுவனத்தின் நெட்வேர் இருந்த இடங்களில் "கேப்சர்" என்ற கட்டளை. பிடித்துக்கொள் என்று பொருள். விண்டோஸ் உள்ள இடங்களில் "நெட் யூஸ்" என்ற கட்டளை. எல்.பி.டி. 1-க்கு வருவதை, இந்தக் கம்ப்யூட்டரில் உள்ள இந்த பிரிண்டருக்கு அனுப்பு என்று அதில் எழுதுவார்கள். அவ்வளவுதான். ஒரே ஒரு வரி. பல அலுவலகங்களில் பல ஆண்டுகளாக ரசீதுகள் வந்துகொண்டிருப்பது இந்த ஒரு வரியால்தான்.

அந்த வரியில் இரண்டு பெயர்கள் இருக்கின்றன. கம்ப்யூட்டரின் பெயர், பிரிண்டரின் பெயர். இதில் எது மாறினாலும் ரசீது நின்றுவிடும். பழுது பார்க்க வந்தவர் கம்ப்யூட்டருக்குப் புதுப் பெயர் வைத்துவிட்டுப் போயிருப்பார். மறுநாள் காலையில் "பழைய புரோகிராம் கெட்டுவிட்டது" என்பார்கள். புரோகிராம் கெடவில்லை. விலாசம் மாறிவிட்டது. இன்னொன்றும் உண்டு. பிரிண்டர் எந்தக் கம்ப்யூட்டரோடு இணைந்திருக்கிறதோ, அந்தக் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அது மேலாளர் அறையில் இருந்து, மேலாளர் அறையைப் பூட்டிக்கொண்டு கூட்டத்துக்குப் போய்விட்டால், எந்தக் கம்ப்யூட்டர் நிபுணர் வந்தாலும் ரசீது வராது. சாவி வர வேண்டும்.

இந்தத் தந்திரத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஏனென்றால் உங்கள் ரசீதில் தவறு வருவதற்கு இது காரணம் ஆகலாம்.

பிரிண்டர் பக்கத்தில் இருந்தபோது, ஒரு வரி வந்தால் ஒரு வரி அடிக்கும். நெட்வொர்க்கில் அப்படி இல்லை. நான்கு பேர் ஒரே நேரத்தில் அனுப்புவார்கள். வரி வரியாக அடித்தால் எல்லாம் கலந்துவிடும். ஆகவே வாசலில் நிற்கும் ஆள் ரசீது முழுவதும் வரும்வரை காத்திருக்கிறார். முழுவதும் வந்ததும் வரிசையில் வைக்கிறார். ரேஷன் கடை வரிசை மாதிரிதான். சரி, ரசீது முடிந்துவிட்டது என்று அவருக்கு எப்படித் தெரியும்? "முடிந்தது" என்று புரோகிராம் சொல்ல வேண்டும். பழைய புரோகிராம்களில் பல அப்படிச் சொல்வதில்லை. பக்கத்தில் இருக்கும் பிரிண்டரிடம் அப்படிச் சொல்ல வேண்டிய தேவை அவற்றுக்கு இருந்ததே இல்லை.

அதனால் அந்த ஆள் காத்துக்கொண்டே இருப்பார். எழுத்தர் புரோகிராமை மூடினால்தான் "ஓ, முடிந்துவிட்டது" என்று புரிந்துகொண்டு ரசீதை அனுப்புவார். சில அலுவலகங்களில் எழுத்தர் ஒவ்வொரு ரசீதுக்கும் புரோகிராமை மூடி மூடித் திறப்பதைப் பார்த்திருப்பீர்கள். வேலை தெரியாமல் செய்கிறார் என்று நினைக்க வேண்டாம். அவர் கண்டுபிடித்த வழி அது. கொஞ்சம் சிரமமான வழி.

இதைவிட நல்ல வழி உண்டு. "இத்தனை நொடி ஒன்றும் வராவிட்டால், முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்" என்று அந்த ஆளுக்குச் சொல்லிவிடலாம். நெட்வேரில் அதைக் கட்டளையோடு சேர்த்தே எழுதலாம். விண்டோசிலும் அப்படி ஓர் அளவு உள்ளே இருக்கிறது. விவரம் தெரிந்தவர் அதை மாற்றலாம். நேரத்தை அதிகமாக வைத்தால் கவுண்டரில் கூட்டம் சேரும். மிகக் குறைவாக வைத்தால்? புரோகிராம் நீண்ட கணக்கைக் கூட்டிக்கொண்டிருக்கும்போது சில நொடி சும்மா இருக்கும். அதற்குள் இந்த ஆள் முடிந்துவிட்டது என்று பாதியை அனுப்பிவிடுவார். மீதிப் பாதி பின்னால் வரும். நடுவில் பக்கத்து மேசைக்காரரின் ரசீது புகுந்துவிடும். உங்கள் பெயர் ஒரு தாளில், தொகை இன்னொரு தாளில். ஆகவே பெயரைப் பார்த்ததும் மடித்து வைத்துவிடாதீர்கள். கடைசி வரி வரை படியுங்கள். தொகை, தேதி, ரசீது எண் எல்லாம் ஒரே தாளில் இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து லேசர் பிரிண்டர். இது சத்தம் போடாது. பளிச்சென்று அடிக்கும். ஆனால் வரி வரியாக அடிக்கத் தெரியாது. ஒரு பக்கம் முழுவதும் வந்த பிறகுதான் அடிக்கும். ரசீது என்பது பத்துப் பன்னிரண்டு வரி. அதை வாங்கிக்கொண்டு மீதிப் பக்கத்துக்காகக் காத்திருக்கும். ஒரு விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டிருக்கும். பலர் அதைப் பழுது என்று நினைத்து அணைத்துவிடுகிறார்கள். அணைத்தால் உள்ளே இருந்த ரசீதும் போய்விடும். செய்ய வேண்டியது, பிரிண்டரில் உள்ள பொத்தானை ஒரு முறை அழுத்துவது. அல்லது ஒவ்வொரு ரசீதின் முடிவிலும் 12 என்ற எண் போகும்படி ஏற்பாடு செய்வது. முன்பு சொன்னது நினைவிருக்கும். 12 என்றால் பக்கம் முடிந்தது.

தாளின் நீளமும் தொல்லை கொடுக்கும். ஓரத்தில் ஓட்டை போட்ட தொடர் தாள் தெரியும் அல்லவா? சங்கத்தின் பெயரும் கட்டங்களும் முன்பே அச்சடித்து வரும். அந்த ரசீது ஆறு அங்குலம் இருக்கலாம். பிரிண்டரோ பக்கம் என்றால் பதினொரு அங்குலம் என்று நினைத்துக்கொண்டிருந்தால்? முதல் ரசீது சரியாக விழும். அடுத்த ரசீதில் தொகை கட்டத்தை விட்டுத் தள்ளி, தலைவர் கையெழுத்துப் போடும் இடத்தில் விழும். பிரிண்டருக்குத் தாளின் நீளத்தைச் சொல்லிக் கொடுத்தால் சரியாகிவிடும். சிறிய வேலைதான். ஆனால் பல இடங்களில் எழுத்தர்கள் கையால் தாளை நகர்த்தி நகர்த்தியே காலம் தள்ளுகிறார்கள்.

அதற்கும் பிறகு ஒரு பெரிய மாற்றம். 1996-ல் யு.எஸ்.பி. என்ற சிறிய தட்டை இணைப்பு வந்தது. மெல்ல மெல்ல 25 துளை வாசல் புதிய கம்ப்யூட்டர்களில் இருந்து மறைந்தது. இப்போது பழைய புரோகிராமுக்கு வாசலே இல்லை. இதற்கும் ஒரு வேடிக்கையான வழி இருக்கிறது. தன்னோடு இணைந்த பிரிண்டரைக் கம்ப்யூட்டர் நெட்வொர்க்கில் பொதுவாக வைக்கும். பிறகு அதே கம்ப்யூட்டர், எல்.பி.டி. 1-க்கு வருவதை நெட்வொர்க் வழியாக அந்த பிரிண்டருக்கு அனுப்பும். அதாவது, தன் வீட்டுக்குத் தானே விருந்தாளியாகப் போவது! கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் வேலை நடக்கும்.

நடக்காத இடமும் உண்டு. விலை குறைந்த பிரிண்டர்களில் சிலவற்றுக்குள் எழுத்து வடிவம் கிடையாது. எல்லா எழுத்தையும் விண்டோஸ் படமாக வரைந்து கொடுத்தால்தான் அவற்றால் அடிக்க முடியும். 65 என்று அனுப்பினால் அவற்றுக்குப் புரியாது. வாசலில் எத்தனை ஆளை நிறுத்தினாலும் பயன் இல்லை. பாஷையே வேறு. பழைய புரோகிராம் ஓடும் அலுவலகத்துக்கு பிரிண்டர் வாங்கும்போது விலையை மட்டும் பார்க்கக் கூடாது. "டாஸ் புரோகிராமில் இருந்து நேராக அடிக்குமா?" என்று கடையில் கேட்க வேண்டும். அடித்துக் காட்டச் சொல்லவும் வேண்டும்.

வாங்கிவிட்டார்கள், இனி என்ன செய்வது? ரசீதை பிரிண்டருக்கு அனுப்பாமல் ஒரு கோப்பில் சேமிக்கலாம். அந்தக் கோப்பை விண்டோசில் உள்ள நோட்பேடில் திறந்து அடிக்கலாம். இந்த வேலையைத் தானாகவே செய்யும் சிறு புரோகிராம்களும் உண்டு. அவை நடுவில் நின்று மொழிபெயர்த்துக் கொடுக்கும். இதில் ஒரு கவனம் வேண்டும். பழைய புரோகிராமில் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம். அதை நம்பித்தான் அசல், வட்டி, மீதி என்று பத்தி பத்தியாகத் தொகைகளை அடுக்கியிருப்பார்கள். நோட்பேடில் அகலம் மாறும் எழுத்தைத் தேர்ந்தெடுத்தால் பத்திகள் கலைந்துவிடும். வட்டிக்குக் கீழே இருக்க வேண்டிய 350, அசலுக்குக் கீழே போய் நிற்கும். எண் சரி. இடம் தவறு. படிப்பவர் குழம்பிப்போவார். ஒரே அகல எழுத்தைத் தேர்ந்தெடுத்தால் இந்தக் குழப்பம் இல்லை.

மொழியையும் சொல்ல வேண்டும். டாஸ் ஆங்கில எழுத்துக்காகவே பிறந்தது. நம் நாட்டு எழுத்துகளை அதில் கொண்டுவர ஐ.ஐ.டி. கான்பூரில் ஆராய்ச்சி நடந்தது. பிறகு புனேயில் உள்ள சி-டாக் நிறுவனம் ஜிஸ்ட் என்ற அட்டையை வெளியிட்டது. அதைக் கம்ப்யூட்டருக்குள் செருகினால் கறுப்புத் திரையில் இந்தி, தமிழ், தெலுங்கு, வங்காளம் எல்லாம் தெரிந்தன. அச்சிலும் வந்தன. 1991-ல் இந்திய எழுத்துகளுக்கான எண்கள் இஸ்கி என்ற பெயரில் தேசியத் தரமாக அறிவிக்கப்பட்டன. அது பெரிய சாதனை. ஆனால் அந்தப் பழைய அட்டையைச் செருகும் இடம் இன்றைய கம்ப்யூட்டரில் இல்லை. அட்டை இல்லாமல் அந்தக் கோப்பை அடித்தால் தாளில் கோடும் குறியுமாக வரும். உங்கள் பெயர் அழிந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. எண்கள் அப்படியே இருக்கின்றன. அவற்றை இன்றைய யூனிகோடு எழுத்தாக மாற்றிக் கொடுக்க முடியும்.

2010 ஜூலையில் மத்திய அரசு ரூபாய்க்குப் புதிய குறியீட்டை ஏற்றது. பழைய பிரிண்டருக்குள் அந்தக் குறியீடு கிடையாது. ஆகவே பழைய ரசீதில் "ஆர்.எஸ்." என்ற ஆங்கில எழுத்துகளையே பார்ப்பீர்கள். அதனால் ரசீது செல்லாமல் போகாது.

இவ்வளவு தொல்லை எதற்கு, புரோகிராமையே மாற்றிவிடலாமே என்று யாராவது கேட்கலாம். கேட்பது சுலபம். இருபது ஆண்டுக் கணக்கு அதற்குள் இருக்கிறது. எழுதியவர் எங்கே போனார் என்று தெரியாது. புதிதாக எழுதப் பணம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் பழைய புரோகிராம் வட்டியைத் தவறில்லாமல் கணக்கிடுகிறது. அச்சடிப்பதில் மட்டும்தான் தகராறு. நன்றாக உழும் மாட்டைக் கயிறு அறுந்துவிட்டது என்பதற்காக யாரும் விற்பதில்லை.

ஆனால் மாட்டுக்கும் வயது உண்டு. 64 பிட் வகை விண்டோசில் டாஸ் புரோகிராம்கள் நேராக ஓடுவதில்லை. 2021-ல் வந்த விண்டோஸ் 11 அந்த வகையில் மட்டுமே கிடைக்கிறது. விண்டோஸ் 10-க்குத் தந்துவந்த பொதுவான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபரில் நிறுத்திவிட்டது. புதிய கம்ப்யூட்டருக்குள் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருப்பதுபோல நடிக்கும் புரோகிராம்கள் உண்டு. டாஸ்பாக்ஸ் அதில் ஒன்று. அது 2002-ல் வந்தது. விளையாட்டுகளை ஓட்டத்தான் அதை எழுதினார்கள். அதன் மூலப் பதிப்பில் அச்சடிக்கும் வசதி இல்லை. பிறகு மற்றவர்கள் அச்சு வசதி சேர்த்து வேறு பதிப்புகளை உருவாக்கினார்கள். அவற்றில் வழி இருக்கிறது. இருந்தாலும் காலவரையின்றி இப்படியே ஓட்ட முடியாது.

கிராமக் கூட்டுறவு கடன் சங்கங்களுக்குப் பொதுவான ஒரு புதிய புரோகிராம் கொடுக்கும் திட்டத்துக்கு மத்திய அரசு 2022 ஜூனில் ஒப்புதல் தந்தது. 63,000 சங்கங்கள், 2,516 கோடி ரூபாய் என்று அப்போது திட்டமிட்டார்கள். இப்படி மாறும்போது பழைய கணக்குகள் புதிய புரோகிராமுக்குப் போக வேண்டும். உங்கள் பணம் ஒரு பெட்டியில் இருந்து இன்னொரு பெட்டிக்குப் போகும் நேரம் இது.

அதுவரை ரசீது வராத நாட்களில் என்ன செய்வது? கையால் எழுதிய ரசீதைக் கேளுங்கள். பணம் வாங்கியவர் ரசீது கொடுக்க வேண்டும். இயந்திரம் ஓடவில்லை என்பது அதற்குத் தடை இல்லை. அதில் தேதி, தொகை, எந்தக் கணக்கு, வாங்கியவர் கையெழுத்து, சங்க முத்திரை எல்லாம் இருக்கட்டும். கம்ப்யூட்டர் திரையில் தெரியும் ரசீது எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். பிறகு அச்சு ரசீது வரும்போது இரண்டிலும் ஒரே எண் இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். அச்சு ரசீதில் "நகல்" என்று இருந்தால் பயப்பட வேண்டாம். மறுபடியும் அடித்த ரசீது என்றுதான் பொருள்.

பழைய புரோகிராமை நிறுத்துவதற்கு முன்னால் அது செய்ய வேண்டிய வேலை ஒன்று பாக்கி இருக்கிறது. எல்லா உறுப்பினர்களின் இருப்பையும் கடனையும் ஒரு பட்டியலாக அச்சடிப்பது. கணக்கு புதிய இடத்துக்குப் போன பிறகு இன்னொரு பட்டியலும் அடிக்க வேண்டும். இரண்டையும் சங்க அலுவலகத்தில் வைத்து, உறுப்பினர்களைக் கூப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள். அவரவர் வரியை அவரவர் பார்க்கட்டும். கையில் உள்ள பாஸ் புத்தகத்தையும் பழைய ரசீதுகளையும் கொண்டுபோக வேண்டும். மூன்றிலும் ஒரே தொகை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அங்கேயே எழுதிக் கொடுத்து, மனு வாங்கியதற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பழைய கம்ப்யூட்டரைக் கழற்றி எடுத்துச் சென்ற பிறகு கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது.

அந்தப் பட்டியல் நீளமாக இருக்கும். ஒரு வரியில் 132 எழுத்துகள் இருக்கலாம். முன்பு சொன்ன அந்த நெருக்கமான சிறு எழுத்தில் அடிப்பார்கள். கண்ணாடி போடுகிறவர்கள் மறக்காமல் எடுத்துப் போங்கள். ஓர் அளவுகோலை உங்கள் வரிக்குக் கீழே வைத்துப் படித்தால் அடுத்தவர் வரிக்குக் கண் தாவாது. பழைய ரிப்பனில் மை மங்கியிருந்தால் 3-ம் 8-ம் ஒன்றுபோலத் தெரியும். அந்த ஒரு நாளைக்காவது புது ரிப்பன் மாட்டி அடிக்கச் சொல்லுங்கள்.